"அங்க நான் வரலைன்னா தேடுவாங்க, இங்க யாரு தேடறா?"

இந்த மாசம் வந்த கேள்விகளை பிரிச்சு வெச்சப்போ ஒண்ணு கண்ணுல பட்டுது. அப்பா அம்மா எழுதினது எல்லாத்துலயும் "எத்தனை மணி நேரம்"னு இருக்கு, பசங்க எழுதினதுல ஒண்ணுல கூட அது இல்ல, அவங்க எழுதினது எல்லாம் "யாரு", "எதுக்கு"ன்னே இருக்கு. அதனால இந்த வாட்டி பக்கம் முழுக்க வீடியோ கேம் விஷயத்தையே எடுத்துக்கறேன். பெயர் போட வேண்டாம்னு கிட்டத்தட்ட எல்லாருமே கேட்டிருந்தீங்க, போடல.

கேள்வி: மேடம், என் பையனுக்கு 15 வயசு. ஸ்கூல் விட்டு வந்ததும் ஹெட்செட்டை மாட்டிட்டு ரூமுக்குள்ள போயிடறான். போன வாரம் கோவத்துல நெட் கனெக்‌ஷனை பிடுங்கி விட்டுட்டேன். அவன் கத்துவான்னு பார்த்தேன், கத்தல, அழுதுட்டான். "அங்க நான் வரலைன்னா தேடுவாங்கம்மா, இங்க நான் இல்லைன்னா யாரு தேடறா"ன்னு கேட்டான். எனக்கு தூக்கிவாரிப் போட்டுடுச்சு. நாங்க இவனுக்கு என்ன குறை வெச்சோம்?

பதில்: அம்மா, நீங்க குறை வெச்சதா அவன் சொல்லவே இல்ல. அவன் சொன்னதை கோவமும் அழுகையும் அடங்கினப்புறம் இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. என் மேல பாசம் இருக்கான்னு அவன் கேக்கல, அது இருக்குன்னு அவனுக்கு நல்லாவே தெரியும். நான் இல்லைன்னா இந்த வீட்ல ஏதாவது ஒரு வேலை நிக்குமான்னு கேக்கறான். பாசம் வேற, தேவைப்படறது வேற. பத்து வயசு வரைக்கும் பாசம் மட்டும் இருந்தா போதும், அதுக்கப்புறம் பத்தாது.

நான் பல வருஷம் ஸ்கூல் கவுன்சிலரா இருந்தவ. அப்படி ஒரு பையன் பக்கத்துல உட்கார்ந்து அவன் ஆடறதை ஒரு சாயங்காலம் முழுக்க பார்த்தேன், அதுல நான் கத்துக்கிட்டது நெறைய. அஞ்சு பேர் டீம், இவன் ஹீலர், அதாவது அடிபடறவங்களுக்கு உயிர் ஏத்தறவன். ஸ்கிரீன் நடுவுல பெரிய சண்டை நடக்குது, நெருப்பு பறக்குது, இவன் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்ல. இடது ஓரத்துல இருக்கற நாலு பச்சைக் கோட்டையே பார்த்துட்டு இருந்தான். எதிரியை பார்க்கவே மாட்டியாடான்னு கேட்டேன். "அது அவங்க வேலை ஆன்ட்டி, இந்த நாலு கோடும் சிவப்பாகாம பார்த்துக்கறதுதான் என் வேலை"ன்னான். ஜெயிச்சதும் சாட்ல யாரோ ஹீலருக்கு தேங்க்ஸ்னு ஒரு வரி போட்டாங்க. அவன் அதை என்கிட்ட காட்டல, ஒண்ணும் சொல்லவும் இல்ல, ஆனா அடுத்த மேட்ச் ஆரம்பிக்கற வரைக்கும் அந்த வரி மேல போகாதபடி ஸ்க்ரோலை பிடிச்சே வெச்சிருந்தான். வகுப்புல கடைசி பெஞ்ச்ல உட்கார்ற பையன் அவன், டீச்சர்களுக்கு அவன் பேரே சட்டுனு ஞாபகம் வராது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன்னு ரெண்டு உளவியலாளர்கள் ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்ற ஒரு கருத்து இருக்கு. மனுஷ மனசுக்கு மூணு விஷயம் வேணும், தானா முடிவெடுக்கற சுதந்திரம், ஒண்ணை நல்லா செய்ய வருதுங்கற உணர்வு, நாலு பேரோட ஒட்டு. ரயனும் ஸ்காட் ரிக்பியும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2006-ல இதை வெச்சு கேம் ஆடறவங்களை ஆராய்ஞ்சப்போ, இந்த மூணும் எந்த கேம்ல கிடைக்குதோ அந்த கேம்தான் பிடிக்குது, அதுக்குத்தான் திரும்பத் திரும்ப வர்றாங்கன்னு தெரிஞ்சுது. இப்ப உங்க பையனோட ஒரு நாளை எடுத்துக்கங்க. என்ன உடுத்தணும், எங்க உட்காரணும், எந்த மணிக்கு எந்த பாடம்னு எல்லாமே யாரோ முடிவு பண்ணினது. நல்லா பண்றானா இல்லையான்னு தெரிய பரீட்சை வரணும், பேப்பர் திருத்தி வரணும், அதுவும் ஒரு நம்பரா வரும். கேம்ல அது அடுத்த நிமிஷமே தெரியும். எந்த ஆயுதம், எந்த வழி, எந்த ரோல்னு அவனே எடுக்கறான். கூட நாலு பேர். மூணும் ஒரே ரூம்ல, ஒரே நாற்காலில உட்கார்ந்தா கிடைக்குது, அதை விட்டுட்டு ஏன் எழுந்து வரணும்னு அவன் நினைக்கறது எனக்கு நியாயமாவே படுது.

அதனால நான் சொல்றது, பிடுங்கறதுக்கு முன்னாடி வீட்ல அவனுக்குன்னு ஒரு வேலை ரூமுக்கு வெளிய காத்திருக்கணும். கடைக்கு போயிட்டு வா, குப்பையை போட்டுட்டு வாங்கற வேலை இல்லம்மா, அது யாரு வேணா பண்ணலாம், அது அவனுக்கும் தெரியும். அவன் செய்யலைன்னா நிஜமாவே நிக்கற வேலையா இருக்கணும். தாத்தாவோ பாட்டியோ இருந்தா வாரா வாரம் அவங்க மாத்திரை டப்பாவை நிரப்பறது, டாக்டர்கிட்ட அடுத்த தேதி என்னைக்குன்னு கணக்கு வெச்சுக்கறது, இதை முழுசா அவன்கிட்ட குடுங்க. முதல் ரெண்டு வாரம் மட்டும் அவன் நிரப்பினப்புறம் அவன் எதிர்லயே உட்கார்ந்து ரெண்டு பேருமா சரி பாருங்க, மாத்திரை விஷயம் இல்லையா. ஆனா ஒரு தப்பு பண்ணினதும் "குடு, நானே பண்ணிக்கறேன்"னு திரும்ப வாங்கிடாதீங்க. இது ரொம்ப முக்கியம், இதைத்தான் வீட்ல எல்லாரும் பண்றோம். கேம்ல நூறு தடவை செத்தாலும் நூத்தி ஒண்ணாவது தடவை எழுப்பி விடுது, நம்ம வீட்ல ஒரு தடவை விட்டா போதும், அந்த வேலை கையை விட்டு போயிடும்.

அப்புறம் அந்த கனெக்‌ஷன் விஷயம். மேட்ச் நடுவுல நெட் போனா கூட இருக்கற நாலு பேரும் தோத்துப் போகலாம், பல கேம்ல பாதியில போனவனுக்கு தண்டனையும் உண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஆட விடாது. அவன் அழுதது கேமுக்காக இல்ல, நாலு பேரை நடுவுல விட்டுட்டோம்னுதான் எனக்கு தோணுது. "இந்த மேட்ச் எப்ப முடியும்?"னு கேட்டுட்டு, அது முடிஞ்சதும் கண்டிப்பா எழுந்திரிக்கணும்னு சொல்லுங்க. அந்த ஒரு கேள்வியில உங்களுக்கும் அவன் உலகம் தெரியும்னு அவனுக்கு புரிஞ்சுடும்.

கேள்வி: அக்கா எனக்கு 17. ஒரு பெரிய ஸ்டோரி கேம் நூறு மணி நேரத்துக்கு மேல ஆடி போன ஞாயித்துக்கிழமை முடிச்சேன். கிரெடிட்ஸ் ஓடும்போது அழுதுட்டேன். அதுக்கப்புறம் ஒரு வாரமா எதுலயும் ஒட்டல. கேம்ல நான் ஒரு ஊரையே காப்பாத்தினேன், இங்க நான் என்ன பண்றேன், படிக்கறேன், தூங்கறேன். நிஜ வாழ்க்கையில அர்த்தம்னு ஒண்ணு இருக்கா இல்ல நாமளே சும்மா சொல்லிக்கறதா?

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு, கிரெடிட்ஸ் ஓடும்போது அழுததுக்கு கூச்சப்படாத. நூறு மணி நேரம் சில ஆளுங்களோட இருந்துட்டு பிரியறப்போ அழுகை வர்றது மனசு ஒழுங்கா வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளம்.

ரெண்டாவது, நீ எழுதினதுல ஞாயித்துக்கிழமைன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதைப் பார்த்ததும் எனக்கு விக்டர் ஃப்ராங்கிள் ஞாபகம் வந்துட்டார். வியன்னாவில இருந்த மனநல மருத்துவர், நாஜி வதை முகாம்கள்ல இருந்து உயிர் பிழைச்சு வந்தவர், மனுஷனுக்கு அடிப்படைத் தேவையே அர்த்தம்தான்னு சொன்னவர். ஞாயித்துக்கிழமை நோய்னு ஒண்ணைப் பத்தி அவர் எழுதியிருக்கார். வாரம் முழுக்க ஓடின ஓட்டம் நின்னதும், உள்ள இருந்த வெறுமை மேல எழும்பி வருமே, அதைத்தான் அப்படி சொல்றார். இதுல கவனிக்க வேண்டியது, ஓட்டம் நின்னதால வெறுமை பிறக்கல, ஏற்கனவே இருந்தது அப்பதான் கண்ணுக்கு தெரியுது. உன் விஷயமும் அதேதான்னு நினைக்கறேன். கேம் உன்னை வெறுமையாக்கல, நூறு மணி நேரம் அதை மூடி வெச்சிருந்துச்சு, மூடி திறந்துடுச்சு.

நிஜத்துல அர்த்தம் இருக்கான்னு கேட்ட, இருக்கு. ஆனா அது கேம்ல வர்ற மாதிரி தலைக்கு மேல மஞ்சள் ஆச்சரியக்குறியோட நிக்காது. கேம்ல ஒரு ஆள் உன்கிட்ட வந்து எங்க ஊருக்கு ஆபத்து, நீதான் காப்பாத்தணும்னு சொல்றான், உன்னைத் தவிர வேற யாரும் அதை செய்ய முடியாதபடி அந்த உலகத்தையே கட்டியிருக்காங்க, எவ்வளவு தூரம் வந்திருக்கன்னு மேப்ல காட்டுது. அதாவது தேடற வேலையை டிசைனர் ஏற்கனவே செஞ்சு முடிச்சுட்டார், நீ செய்ய வேண்டியது முயற்சி மட்டும்தான். இங்க தேடறதே பாதி வேலை, அதுக்கு பாயின்ட்ஸும் கிடையாது. உன் வயசுல அது கிடைக்காம தவிக்கறது தப்பே இல்ல, எரிக் எரிக்சன்னு ஒரு உளவியலாளர் டீன்ஏஜோட முக்கிய வேலையே இந்த "நான் யாரு"ங்கற குழப்பத்தோட மல்லுக்கட்டறதுதான்னு சொல்லியிருக்கார். ஒவ்வொரு வேஷமா போட்டுப் பார்த்து இது நான் இல்ல, இது கொஞ்சம் நான்னு தெரிஞ்சுக்கற காலம் இது. கேம்ல நீ எடுத்ததும் அப்படி ஒரு வேஷம்தான், அதுல ஏதோ ஒண்ணு உனக்கு பொருந்தியிருக்கு, இல்லைன்னா அழுதிருக்க மாட்ட.

எது பொருந்துச்சுன்னு கண்டுபிடி. ஒரு பேப்பர் எடுத்து அந்த நூறு மணி நேரத்துல எந்த மூணு இடம் உனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குதுன்னு எழுது. சண்டையா, வழி தெரியாத காட்டுல சுத்தினதா, யாரோ ஒரு சின்ன கேரக்டருக்கு தொலைஞ்ச பொருளை தேடிக் குடுத்ததா, கதையில ஒரு கஷ்டமான முடிவெடுக்க வேண்டி வந்துச்சே அதுவா. ஒரு பொண்ணு என்கிட்ட இப்படி எழுதிட்டு வந்தா, மூணுமே மத்தவங்களுக்கு இடம் கட்டிக் குடுத்த சீன். மைன்கிராஃப்ட்னு கட்டை அடுக்கி உலகம் கட்டற கேம், அதுல பல பேர் சேர்ந்து ஆடற சர்வர்ல புதுசா வர்றவங்க ராத்திரில பயப்படக்கூடாதுன்னு வழி நெடுக டார்ச் வெச்சுக்கிட்டே போவாளாம். அவ என்ன தேடறான்னு அந்த டார்ச் சொல்லிடுச்சு.

வில்லியம் டேமன்னு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல இளைஞர்களோட நோக்கம் பத்தியே ஆராய்ஞ்சவர். ஒண்ணு நோக்கம்னு ஆகணும்னா ரெண்டு இருக்கணும்ங்கறார், அது எனக்கு அர்த்தமுள்ளதா இருக்கணும், எனக்கு வெளிய இருக்கற உலகத்துலயும் ஏதாவது மாத்தம் பண்ணணும். உன் கேம்ல முதல் பாதி நூத்துக்கு நூறு இருந்துச்சு, ரெண்டாவது பாதி கதைக்குள்ளயே இருந்துடுச்சு. அந்த ரெண்டாவது பாதிக்காகத்தான் நீ ஒரு வாரமா ஏங்கற. கேம் மூலமாவே அது நடக்கவும் செய்யும். ஃபோல்டிட்னு ஒரு புதிர் கேம், 2008-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல உருவாச்சு, புரதத்தை மடக்கி மடக்கி சரியான வடிவத்துக்கு கொண்டு வரணும். குரங்குகளுக்கு எய்ட்ஸ் மாதிரி நோய் தர்ற ஒரு வைரஸோட என்சைம் வடிவத்தை விஞ்ஞானிகளால பத்து வருஷத்துக்கும் மேலா கண்டுபிடிக்க முடியல, இந்த கேம் ஆடறவங்க மூணு வாரத்துல அதுக்கு நல்ல மாடல் குடுத்தாங்க, 2011-ல அது ஆராய்ச்சிக் கட்டுரையாவே வந்துச்சு. ஆடினவங்கள்ல பல பேருக்கு உயிர்வேதியியல் தெரியாது.

உனக்கு நான் சொல்ற முதல் வேலை அவ்வளவு பெருசு இல்ல. அந்த மூணு இடத்தை எழுதினப்புறம், அதுல இருக்கற வேலையை, மனுஷங்க இருக்கற இடத்துல, வாரத்துக்கு ஒரு மணி நேரம் செய். ஒரு மாசம் கழிச்சு எனக்கு எழுது. இன்னொண்ணும் சொல்லிடறேன், இந்த வெறுமை ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா, தூக்கம் கெட்டுச்சுன்னா, இருக்கவே வேண்டாம்னு ஒரு நொடி தோணினா கூட, அடுத்த இதழுக்கு காத்திருக்காத, அன்னைக்கே வீட்ல இருக்கற ஒரு பெரியவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லு, டாக்டரை பாருங்க.

கேள்வி: சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆட விடலாம்? (ஒரு அப்பா)

பதில்: சுத்தி வளைக்காமலே சொல்றேன் சார், எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தற ஒரு நம்பர் என்கிட்ட இல்ல. சீனா 2021-ல 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்ல ராத்திரி 8-ல இருந்து 9 வரைக்கும்தான்னு விதி போட்டுச்சு. தென் கொரியா 2011-ல 16 வயசுக்கு கீழ நள்ளிரவுக்கு மேல காலைல 6 வரை ஆடக்கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்து, பத்து வருஷம் கழிச்சு அதை எடுத்துடறதா 2021-ல அறிவிச்சுட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறுங்கறதை நோய்ப் பட்டியல்ல சேர்த்து அது 2022 ஜனவரி 1-ல இருந்து நடைமுறையில இருக்கு, அதோட விளக்கத்துல மணி நேரமே கிடையாது. ஆட்டத்தை நிறுத்த முடியாமப் போறது, மத்த எல்லாத்தையும் விட அது முன்னாடி வந்துடறது, கெடுதல் நடக்குதுன்னு தெரிஞ்சும் தொடர்றது, இது பொதுவா 12 மாசமாவது நீடிச்சு, படிப்பு, குடும்பம், பழக்கவழக்கம்னு வாழ்க்கையே பாதிக்கற அளவுக்கு போயிருக்கணும்.

நீங்க ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் கறாரா இருங்க, தூக்கம். 13-ல இருந்து 18 வயசு வரைக்கும் 8-ல இருந்து 10 மணி நேரம் தூங்கணும். அதுல கை வைக்கற ஆட்டத்துக்கு அனுமதி இல்லைன்னு சொல்லுங்க, அதுல விட்டுக்குடுக்காதீங்க.

கேள்வி: எனக்கு 14 வயசு. எங்க கில்ட்ல, அதாவது கேம்ல ஒண்ணா சேர்ந்து ஆடற குழுவுல, ஒரு அக்கா இருந்தாங்க, நேர்ல பார்த்ததே இல்ல, ஆனா ஸ்கூல்ல என்னை ஒதுக்கினப்போ டெய்லி என்கிட்ட பேசினது அவங்க மட்டும்தான். ரெண்டு மாசமா ஆன்லைன் வரல. எனக்கு அழுகையா வருது. அம்மா "முகமே தெரியாதவங்களுக்கு ஏன்டி அழற, அதெல்லாம் நிஜம் இல்ல"ங்கறாங்க. நிஜம் இல்லையா மேடம்?

பதில்: நிஜம்தான்டா கண்ணு. ஒரு கதை சொல்றேன், நடந்தது, அம்மாவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு படி.

நார்வேயில மாட்ஸ் ஸ்டீன்னு ஒருத்தர். தசை கொஞ்சம் கொஞ்சமா செயல் இழக்கற டுஷேன் நோய், சக்கர நாற்காலி, கடைசி வருஷங்கள்ல விரல் மட்டும்தான் அசையும். நாள் பூரா வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற ஆன்லைன் கேம் ஆடிட்டு இருப்பார். பிள்ளைக்கு நட்பு இல்ல, காதல் இல்ல, ஒருத்தருக்கும் பயன்படற வாய்ப்பு கூட இல்லாம போயிட்டானேன்னுதான் அப்பா அம்மா உள்ளுக்குள்ள புழுங்கிட்டு இருந்தாங்க. 2014-ல 25 வயசுல அவர் இறந்துட்டார். அவர் எழுதிட்டு இருந்த வலைப்பக்கத்தோட பாஸ்வேர்டை விட்டுட்டுப் போயிருந்தார், மகன் இறந்துட்டான்னு அதுல அப்பா ஒரு அறிவிப்பு போட்டார், அவ்வளவுதான். அதுக்கப்புறம் வரிசையா மெயில் வர ஆரம்பிச்சுது, வேற வேற நாட்டுல இருந்து, முகமே தெரியாதவங்ககிட்ட இருந்து. இபெலின்ங்கற பேர்ல அவர் எங்களோட இருந்தார், எங்க கஷ்டத்தை காது குடுத்து கேட்டார்னு பக்கம் பக்கமா. அதுல நெதர்லாந்துல ஒரு பொண்ணு, உன்னை மாதிரியே டீன்ஏஜ். மார்க் குறையுதுன்னு அவ வீட்ல கம்ப்யூட்டரை எடுத்துட்டாங்க, அவளுக்கு இருந்த ஒரே கூட்டமும் போயிடுச்சு, ரொம்ப உடைஞ்சு போயிட்டா. மாட்ஸ் அவ அப்பா அம்மாவுக்கே கடிதம் எழுதினார், உங்க பொண்ணுக்கு இந்த நட்பு எவ்வளவு முக்கியம்னு எடுத்துச் சொல்லி. கில்ட்ல இருந்து சில பேர் வெளிநாட்ல இருந்து கிளம்பி வந்து அவர் இறுதிச் சடங்குல நின்னாங்க. 2024-ல இது ஆவணப்படமாவும் வந்துச்சு.

அந்த அப்பா அம்மா கெட்டவங்க இல்ல, பிள்ளையை கண்ணுக்குள்ள வெச்சு பார்த்துக்கிட்டவங்க. ஸ்கிரீனோட இந்தப் பக்கம் மட்டும்தான் அவங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு. உங்க அம்மாவுக்கும் அப்படித்தான், அதனால அவங்க மேல கோவப்படாத. அந்த அக்கா உனக்கு என்ன சொன்னாங்க, எந்த நாள் பேசினாங்கன்னு ஒரு நாள் அம்மாகிட்ட சொல்லு, முகத்துல ஆரம்பிக்காம அங்க இருந்து ஆரம்பி.

ரெண்டு மாசமா வராததுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், பரீட்சை, வேலை, ஃபோன் போயிருக்கலாம். கில்ட்ல பெரியவங்க யாராவது இருந்தா விசாரி, உன் பேர்ல ஒரு மெசேஜ் போட்டு வை, "பதில் போடலைன்னாலும் பரவால்ல, அந்த நாள்ல நீங்க பேசினது எனக்கு பெருசு"ன்னு. அவங்க திரும்ப வர்ற அன்னைக்கு அது அங்க இருக்கும்.

இதையும் சேர்த்தே சொல்லணும். முகம் தெரியாத எல்லாரும் அந்த அக்கா மாதிரி இருக்க மாட்டாங்க. ஃபோட்டோ கேக்கறவங்க, விலாசம் கேக்கறவங்க, காசோ கிஃப்ட்டோ குடுக்க வர்றவங்க, "இதை வீட்ல சொல்லாத"ன்னு சொல்றவங்க, இதுல ஒண்ணு நடந்தாலும் அது நட்பு இல்ல. நீ ஒரு தப்பும் பண்ணல, உடனே அம்மாகிட்ட சொல்லிடு.

கேள்வி: எனக்கு 16. ஒரே கேம் நாலு வருஷமா ஆடறேன். இப்ப ஆட பிடிக்கல, நிஜமாவே போர் அடிக்குது. ஆனா ஒரு நாள் விடாம வந்த கணக்கு, அந்த லாகின் ஸ்ட்ரீக், உடைஞ்சுடும், சீசன் பாஸ்ல குடுத்த வேலையை முடிக்கலைன்னா ஸ்கின், அதாவது கேரக்டரோட உடை, போயிடும்னு டெய்லி போய் ஆடிட்டு வரேன். விட்டா நாலு வருஷமும் வேஸ்ட்டுன்னு தோணுது.

பதில்: நீ ஒரே வரியில சொன்னதை ராபர்ட் வாலராண்ட்ங்கற கனடா உளவியலாளரும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் 2003-ல ஒரு கட்டுரையா எழுதினாங்க. பிடிச்ச விஷயம்னு நாம சொல்றதுல ரெண்டு வகை. ஒண்ணு நாம அதை வெச்சிருக்கோம், மத்த வேலையோட சேர்ந்து அதுவும் ஓடும், வேணும்னா கீழ வெச்சுட்டு போகலாம். இன்னொண்ணு அது நம்மள வெச்சிருக்கும், கீழ வெச்சா மனசு குடையும். ரெண்டுக்கும் வெளில இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது, மணிக்கணக்கு கூட ஒண்ணா இருக்கும். ஆடறவனுக்கு மட்டும்தான் தெரியும், உனக்கு தெரிஞ்சிருக்கு, அது பெரிய விஷயம். நான் முதல் பதில்ல சொன்ன மூணு தேவை இருக்கே, நிஜ வாழ்க்கையில அது யாருக்கெல்லாம் குறைவா கிடைக்குதோ அவங்ககிட்டதான் இந்த ரெண்டாவது வகை அதிகமா இருக்குன்னு 2009-ல கேம் ஆடறவங்களை வெச்சு செஞ்ச ஆய்வும் சொல்லுது.

ஸ்ட்ரீக், சீசன் பாஸ், இன்னைக்கு மட்டும் கிடைக்கற ஸ்கின், இதெல்லாம் உனக்கு அர்த்தம் தர்றதுக்காக வெச்சது இல்லப்பா, நீ நாளைக்கும் வரணும்னு வெச்சது. எப்ப பரிசு வரும்னு தெரியாம இருந்தா விடறது ரொம்ப கஷ்டம்னு பி.எஃப். ஸ்கின்னர்ங்கற உளவியலாளர் போன நூற்றாண்டுலயே புறாவை வெச்சு காட்டிட்டார், உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே காசு குடுத்து திறக்கற பெட்டி, லூட் பாக்ஸ், ஓடறது அந்தக் கணக்குலதான். பெல்ஜியத்துல சூதாட்ட ஆணையம் 2018-லயே இது சூதாட்டச் சட்டத்துக்குள்ள வருதுன்னு சொல்லிடுச்சு. இதை உன்கிட்ட சொல்றது உன்னை பயமுறுத்த இல்ல, விட முடியலைங்கறது உன்னோட பலவீனம்னு நீ நினைச்சுடக்கூடாதுன்னுதான்.

நாலு வருஷம் வேஸ்ட்டான்னு கேட்ட. அந்த நாலு வருஷத்துல உன்கூட சிரிச்சவங்க இருக்காங்களா, தோத்து தோத்து ஒண்ணை கத்துக்கிட்டியா, அது உன்கூடவே வரும், அக்கவுன்ட்ல இல்ல அது. அக்கவுன்ட்ல இருக்கறது ஸ்கின் மட்டும்தான். ஸ்ட்ரீக்கை நீயே ஒரு நாள் தேர்ந்தெடுத்து உடை. அது தானா உடையறதும் நீ உடைக்கறதும் ஒண்ணு இல்ல. மறுநாள் மனசு குடையும், மூணாவது நாளும் குடையும், அதை எதிர்பார்த்துக்கோ. அந்த வாரத்துல ஆடற நேரத்தை காலியா விட்டுடாத, யார்கிட்டயாவது வரேன்னு வாக்கு குடுத்து வெச்சுக்க. நீ போகலைன்னா ஒருத்தர் வாசல்ல நிக்கற மாதிரி இருக்கணும், அப்பதான் எழுந்து போவ. ஒரு மாசம் கழிச்சு திரும்ப ஆசையா ஆடணும்னு தோணினா தாராளமா ஆடு.

கேள்வி: நான் ஆசிரியை. சண்டை கேம் ஆடற பசங்க முரட்டுத்தனமா ஆகறாங்கங்கறது உண்மையா?

பதில்: நம்ம எல்லாருக்கும் இருக்கற பயம்தான் டீச்சர். 2019-ல, முதல் பதில்ல சொன்ன ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டீன்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளரும் பிரிட்டன்ல 14, 15 வயசுப் பசங்க ஆயிரம் பேரையும் அவங்க வீட்டுப் பெரியவங்களையும் வெச்சு பார்த்தாங்க, எது வன்முறை கேம்ங்கறதை பசங்க சொன்னதை வெச்சு இல்லாம அதிகாரபூர்வ ரேட்டிங்கை வெச்சு முடிவு பண்ணினாங்க, பசங்களோட முரட்டுத்தனத்தோட அதுக்கு தொடர்பு தெரியல. அதுக்காக வயசு ரேட்டிங்கை தூக்கிப் போட்டுடலாம்னு நான் சொல்லல, 18+னு போட்டிருந்தா 18+தான். போர் பத்தின கேம்லயே யோசிக்க வைக்கறதும் இருக்கு, போலந்துல செஞ்ச திஸ் வார் ஆஃப் மைன்ல நீங்க சிப்பாய் இல்ல, முற்றுகையில மாட்டிக்கிட்ட சாதாரண ஜனங்க, இருக்கற மருந்தை யாருக்கு குடுக்கறதுன்னு முடிவெடுக்கணும். அந்த நாட்டு அரசாங்கம் 2020-ல அதை மேல்நிலைப் பள்ளி பரிந்துரைப் பட்டியல்ல சேர்க்கறதா அறிவிச்சுது. உங்க வகுப்புல யாராவது முரடா நடந்துக்கிட்டா, என்ன கேம் ஆடறன்னு கேக்கறதுக்கு முன்னாடி வீட்ல எப்படி இருக்குன்னு கேளுங்க.

கேள்வி: எனக்கு 70 வயது. பேரனுக்கு 13. "தாத்தா நீங்களும் வாங்க, உங்களுக்குன்னு ஒரு வீடு கட்டி வெச்சிருக்கேன்"னு மைன்கிராஃப்ட் ஆடக் கூப்பிடறான். எனக்கு கை நடுங்கும், கண்ணும் சரியா தெரியாது. போய் உட்கார்ந்து என்ன பண்ணப் போறேன், அவன் விளையாட்டை கெடுத்துடுவேனோன்னு தயக்கமா இருக்கு.

பதில்: ஐயா, இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதத்துலயே எனக்கு சந்தோஷம் தந்தது உங்களோடதுதான். தயவு செஞ்சு இன்னைக்கே போங்க. மத்த எல்லா இடத்துலயும் அவன் கத்துக்கறவன், இங்க மட்டும்தான் அவன் கத்துக் குடுக்கறவன், அதுக்கு ஒரு ஆள் வேணும்னுதான் உங்களை கூப்பிடறான். வீடு வேற கட்டி வெச்சிருக்கானாம்.

அவன்கிட்ட "பீஸ்ஃபுல்"ல போடுன்னு சொல்லுங்க, அந்த மோடுல தாக்க வர்ற பூதங்க எதுவும் வராது, அவசரம் இல்ல, கை நடுங்கினா ஒண்ணும் ஆயிடாது. பெரிய டிவியில கனெக்ட் பண்ண முடியுமான்னு கேளுங்க, கண்ணுக்கு சுலபமா இருக்கும். பட்டன் மறந்துடுச்சுன்னா நாலு தடவை கேளுங்க, அவன் நாலு தடவையும் சொல்லுவான். அவன் கட்டினது எதையாவது பார்த்தா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லி நிறுத்தாம, இந்த ஜன்னலை ஏன் இங்க வெச்சன்னு கேளுங்க, அதுக்கு அவன்கிட்ட கண்டிப்பா ஒரு காரணம் இருக்கும். அப்புறம் அந்த உலகத்துல ராத்திரி வரும், இருட்டிடும், அப்ப உங்க படுக்கை எங்க இருக்குன்னு அவனையே கேட்டு தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு பேர் சேர்ந்து ஆடறப்போ ஒருத்தர் மட்டும் போய் படுத்தா உடனே விடியாது ஐயா, ரெண்டு பேரும் படுத்தாத்தான் உடனே விடியும், அதனால அவன் உங்களுக்காக காத்திருப்பான்.